மூன்றாம் எண் நாற்காலி

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், காரைக்குடிப் பெருமக்களுக்கும் வணக்கம். 'வீட்டுக்கு உகந்தது புதிதாக வாங்கிய நாற்காலியா, பழையதை வாங்கி நாமே புதுப்பித்த நாற்காலியா' என்பது தலைப்பு. நாமே புதுப்பித்த நாற்காலிதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி தம் உரையில், "பழைய நாற்காலி வாங்குகிறவர்கள் ஆயிரம் ரூபாய்க்கு நாற்காலியையும், இலவசமாக ஒரு மூட்டைப்பூச்சிக் குடும்பத்தையும் கூட்டி வருகிறார்கள்" என்றார். அரங்கம் முழுவதும் சிரித்தது. நடுவர் அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பழைய நாற்காலியை விரும்பி, கடை வாசல் வரை போய், இந்த ஒரு பயத்தால் வெறுங்கையோடு திரும்பியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள்.

தம்பி சொன்ன பயம் நியாயமான பயம்தான். மூட்டைப்பூச்சி இரத்தம் குடிக்காமல் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்; தையல் மடிப்பிலும், ஆணித் துளையிலும், கால் சட்டத்தோடு சேரும் பொருத்திலும் ஒளிந்திருக்கும். ஆனால் நன்கு வளர்ந்த பூச்சி ஐந்து மில்லிமீட்டர் அளவு இருக்கும், கண்ணுக்குத் தெரியும்; அது இருந்த இடத்தில் கரும்புள்ளிகளும் உரித்த தோலும் கிடக்கும். தேடினால் கண்டுபிடித்துவிடலாம். தேட வேண்டுமென்றால் நாற்காலியைத் திறக்க வேண்டும். நாற்காலியைத் திறப்பவர் யார்? நாங்கள்தாம். நாங்கள் வாங்கிய நாற்காலியை வீட்டுக்குள் விடுவதற்கு முன்பே வாசலில் கவிழ்த்து, இருக்கையைக் கழற்றி, பழைய உறை, பழைய நார், பழைய ஃபோம் அனைத்தையும் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, வெறும் மரத்தை மட்டும் டார்ச் வெளிச்சத்தில் பொருத்துப் பொருத்தாகப் பார்க்கிறோம். பூச்சி தென்பட்டால் அந்த நாற்காலி வாசற்படியைத் தாண்டாது. கோணி ஊசியால் காலைக் குத்திப் பார்க்கிறோம். ஊசி உள்ளே இறங்கி மாவு உதிர்ந்தால், வண்டு துளைத்த மரம் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். தம்பி வாங்கிய புதுச் சோபாவின் அடியில் ஒரு கறுப்புத் துணி அடித்து மூடியிருக்குமே, அதற்குள் என்ன மரம், என்ன பஞ்சு, எத்தனை நாடா இருக்கின்றன என்று அவர் ஒருநாளாவது பார்த்திருக்கிறாரா என்று இந்த மேடையில் கேட்கிறேன்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் அத்தைக்கு, அதாவது என் கணவரின் தாயாருக்கு, முழங்கால் தேய்மானம். எங்கள் வீட்டுச் சோபா தரையிலிருந்து பதினைந்து அங்குலம். உட்கார்ந்தால் ஃபோம் அமுங்கி இன்னும் தாழ்ந்துவிடும், பிடித்து எழக் கைக்கு எட்டும் இடத்தில் உறுதியாக ஒன்றும் இருக்காது. காபி குடிக்க உட்காருவார்; எழுவதற்கு என் பெயரைச் சொல்லி அழைப்பார். நான் சமையலறையில் இருந்தால் என் மகனை அழைப்பார். இருவரும் வீட்டில் இல்லாத ஒருநாள், மதியம் முழுவதும் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். மாலையில் நான் வந்தபோது, "எழுந்திருக்கத் தோன்றவில்லை, அம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பர்மாத் தேக்கில் கட்டிய வீடுகள் கைமாறும்போதும் இடிபடும்போதும் அவற்றின் சாமான்கள் எந்தத் தெருவுக்கு வருகின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு கடையின் பின்கட்டில், கைவைத்த தேக்கு நாற்காலி ஒன்று கிழிந்த ரெக்ஸினோடு கிடந்தது. டேப்பை வைத்து அளந்தேன்: இருக்கை உயரம் பதினெட்டு அங்குலம், கைகள் நேராகவும் திடமாகவும் இருந்தன. ஆயிரத்து இருநூறு சொன்னார்கள், தொள்ளாயிரத்துக்குக் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பு நான் ஒரு தலையணை உறைகூடத் தைத்ததில்லை. வாசலில் கவிழ்த்துப் பார்த்தால், இருக்கையை நான்கே நான்கு திருகாணிகள்தாம் பிடித்திருந்தன. திருப்புளியால் நான்கையும் கழற்றியதும் இருக்கை தனியாகக் கையில் வந்துவிட்டது. இத்தனை காலம் நான் கண்டு பயந்த வேலையின் பூட்டு அவ்வளவுதான். பிறகு குறடும் பொறுமையும் வேண்டியிருந்தன. மேலே பழுப்பு ரெக்ஸின். அதை உரித்தால் அடியில் நீல ரெக்ஸின். அதையும் உரித்தால் பூப்போட்ட திரைத்துணி. அதற்கும் அடியில் தேங்காய் நார், நாரைத் தாங்கும் நாடா. மூன்று காலத்தில் மூன்று பேர் இந்த நாற்காலியைத் தூக்கி எறியாமல் உறை மாற்றியிருக்கிறார்கள், நடுவர் அவர்களே! எல்லாவற்றுக்கும் கீழே, இருக்கைச் சட்டத்தின் உள்பக்கம், உளியால் செதுக்கிய ஒரு குறி இருந்தது. யாரோ ஒருவர் பெயரின் முதல் எழுத்து என்று நினைத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். "இது எழுத்து இல்லை, எண். எங்கள் அப்பாவின் கணக்கேட்டில் இப்படித்தான் இருக்கும். இது மூன்று" என்றார்கள். ௩. நாற்காலியின் சட்டத்திலும் அதே ௩ இருந்தது. கையால் செய்த காலத்தில் ஒவ்வோர் இருக்கையும் அதனதன் சட்டத்தில்தான் சரியாகப் பொருந்தும். மாறிப்போகக் கூடாதென்று ஆசாரி எண் வெட்டியிருக்கிறார்.

அந்த நான்கு திருகாணிகளுக்கு இன்னொரு முறை வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கழற்றாமலே புதிய துணியை மேலே போட்டு மூடியிருந்தால் எனக்கு அந்த மூன்றாம் எண் தெரிந்திருக்காது. அறுந்து தொங்கிய நாடா தெரிந்திருக்காது. பொடியாகிப்போன நார் தெரிந்திருக்காது. திறந்தேன், தெரிந்தது, தெரிந்ததால் செய்ய முடிந்தது. நாடாவை இழுத்துக் கட்டி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடித்தேன். மரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். கையில் கிடைத்த மலிவான ஃபோமை முதலில் வைத்தேன். மூன்றே மாதத்தில் அது குழிந்துவிட்டது. அடர்த்தி நாற்பது என்று கேட்டு வாங்கி, இரண்டு அங்குலத் தடிப்பில் மறுபடி வைத்தேன், இன்றுவரை குழியவில்லை.

உறைக்குத் தம் பழைய கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கொடுத்தது அத்தைதான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் கண்டாங்கி! சேலைத் துணி தனியாக உட்காரும் பாரத்தைத் தாங்காது என்பதால் உள்ளே காடாத்துணி கொடுத்தேன். கண்டாங்கியில் கட்டங்கள் உண்டு. துணி கால் அங்குலம் கோணினாலும் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும். முதல்முறை ஒரு மூலையிலிருந்து பின்களை அடித்துக்கொண்டே போனேன். எதிர் மூலைக்கு வந்தபோது கட்டங்கள் அலை அலையாக ஓடின. அத்தனை பின்னையும் பிடுங்கிவிட்டு, நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின் அடித்து, எதிரெதிராக இழுத்துப் பிடித்து, நடுவிலிருந்து மூலையை நோக்கி நகர்ந்தேன். மூலையில் புடவைக் கொசுவம் போல் மடித்தேன். கட்டங்கள் நேராக நின்றன. மூடுவதற்கு முன், அந்த ௩-க்குப் பக்கத்தில் பென்சிலால் அத்தையின் பெயரையும் தேதியையும் எழுதினேன்.

நடுவர் அவர்கள் மணி அடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். விலையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் இன்னும் வாதங்கள் எழுதி வைத்திருந்தேன். தாளை மடித்து வைத்துவிடுகிறேன்.

இந்த அரங்கில் போட்டிருப்பவை பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றின் கையை ஊன்றினால் அது வளைகிறது, அத்தையால் எழ முடியாது. அதனால் இன்று மாலை என் கணவர் அந்த மூன்றாம் எண் நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து முதல் வரிசையின் ஓரத்தில் போட்டிருக்கிறார். கண்டாங்கிக் கட்டம் தெரிகிறது, பாருங்கள். அதில்தான் அத்தை உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மதியம் முழுவதும் எழுந்திருக்கத் தோன்றவில்லை என்று சொன்ன அதே அத்தை.

அத்தை, ஒருமுறை எழுந்து நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து பிடிக்க வேண்டாம், அவர்கள் எழுந்துகொள்வார்கள்.

நடுவர் அவர்களே, யாரும் கை கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.