சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்
(வெள்ளைப் பிரம்பு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகை இல்லாமல் தந்து ஒலிபெருக்கிப் பொறுப்பையும் தாமே ஏற்றுக்கொண்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, வேறொரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தும் என் பேச்சு முடியும்வரை இருப்பதாக வாக்களித்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, வரவேற்புரையில் ஒருவர் பெயரையும் விடாமல் சொன்ன தலைமையாசிரியை அம்மா அவர்களே, சிறப்புப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வெள்ளைப் பிரம்போடு வந்திருக்கும் தோழர்களே, அவர்களின் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் தங்கைக்குத் தனியாக ஒரு நன்றி. மேடையில் இடமிருந்து வலமாக யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் தொடங்கினார். ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசட்டும் என்றும் கேட்டுக்கொண்டார். காசு செலவில்லாத காரியம், எல்லா மேடைகளிலும் செய்யலாம். அதேபோல் பொன்னாடைக்குப் பதிலாகப் பிரெயில் தாள் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்த தலைவர் அவர்களின் புத்திக்கூர்மையையும் பாராட்டுகிறேன். பொன்னாடை பீரோவுக்குப் போகும். இந்தத் தாள் பள்ளிக்குப் போகும்.

நடைபாதை, படிப்பு, வேலை என்று மூன்று தலைப்புகளை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். நடைபாதையை முதலில் முடித்துவிடுகிறேன். காலாலும் பிரம்பாலும் தடவி அறிவதற்காக மஞ்சளாகப் பதிக்கும் தடவுணர் ஓடுகளில் இரண்டு வகை உண்டு. நீளக் கோடு போட்டது "இப்படியே நட" என்று சொல்லும். புள்ளி போட்டது "நில், கவனி" என்று சொல்லும். பதிக்கிறவருக்கு இது தெரியாவிட்டால் கையில் வந்த ஓட்டைப் பதித்துவிட்டுப் போவார். கோடு நேராக மின்கம்பத்தில் போய் முட்டும். மஞ்சள் நிறம் குறைபார்வை உள்ளவர்களுக்காக வைத்தது. அழகாக இருக்கட்டும் என்று தரையின் சாம்பல் நிறத்திலேயே ஓடு போட்டால் அந்தப் பயன் போயிற்று. இதைப் பற்றி நிறையச் சொல்லலாம், அதற்குத் தனிக் கூட்டமே வேண்டும்.

படிப்பையும் வேலையையும் சேர்த்தே பேசுகிறேன், இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான் என்பதால். அந்த வாசல் காகிதம், அல்லது காகிதத்தின் இடத்துக்கு வந்திருக்கும் கோப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பணியில் 4 விழுக்காடு, அதற்குள் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்குமாக 1 விழுக்காடு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம். நல்லது. ஆனால் அறிவிக்கையையே படிக்க முடியாதவர் எந்த 1 விழுக்காட்டுக்கு விண்ணப்பிப்பார்? நம் பெரியவர்கள் சொல்வார்கள், சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று. இன்று இந்தப் பழமொழியை மறுபடியும் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரைவாசிப்பான் என்றால் என்ன என்று பார்வையுள்ள நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. கணினியிலோ கைபேசியிலோ உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் அது. கணினியில் என்விடிஏ இருக்கிறது, இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கி வைத்தது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக். இரண்டுமே தமிழ் படிக்கும். ஆனால் கோப்புக்குள் எழுத்து இருக்க வேண்டும். எழுத்தின் படம் மட்டும் இருந்தால் அது என்ன செய்யும்?

ஒரு இளைஞரின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். பட்டதாரி. பிறவியிலேயே பார்வை கிடையாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். பாடத்திட்டத்தை இணையதளத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திறக்கிறார். ஸ்கேன் எடுத்த பிடிஎஃப். திரைவாசிப்பான் "வெற்று ஆவணம்" என்கிறது. பக்கம் பக்கமாக நகர்த்துகிறார், எல்லாம் வெற்று. சரி என்று மனு எழுதுகிறார்: "ஐயா, பாடத்திட்டத்தைத் திரைவாசிப்பான் படிக்கும் வடிவில் தந்து உதவ வேண்டுகிறேன்." ஒரு மாதம் கழித்து மின்னஞ்சலில் பதில் வருகிறது. ஆவலாகத் திறக்கிறார். பிடிஎஃப். ஸ்கேன். "வெற்று ஆவணம்."

மனிதர் விடவில்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் செயலியில் அந்தக் கடிதத்தைப் போடுகிறார். கடிதத்தைச் சாய்வாக வைத்து ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், போதாததற்கு வட்ட முத்திரை வேறு. "தங்கள் கோரிக்கை இவ்வலுவலகத்தால் பரிசீலிக்கப்பட்டு" என்பது வரை ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் முத்திரை விழுந்திருந்தது. ஏற்றார்களா, தள்ளினார்களா? தெரியாது.

தெருமுனை டீக்கடைக்குப் போகிறார். கடைக்காரர் அண்ணனிடம் கண்ணாடி இல்லை. பெஞ்சில் இருந்த பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிட்டு, "டேய், சத்தமா வாசிடா" என்கிறார். பையன் அரசாங்கத் தமிழோடு மல்லுக்கட்டுகிறான். "பொருள்... பார்வை, ஒன்று, மனுதாரரின் கடிதம்..." கடையில் ஒருவர், "அட, கடுதாசியில பார்வை இருக்குதப்பா!" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், நம் இளைஞரும்தான். இன்னொருவர், "ஏன் தம்பி, இன்னும் வேலை கிடைக்கலையா?" என்று விசாரிக்கிறார். ஒருவருக்கு வந்த கடிதம் ஒரு தெருவுக்கே வந்த கடிதமாகிவிட்டது. இது பாடத்திட்டம், பரவாயில்லை. மருத்துவ அறிக்கையாக இருந்தால்? வங்கிக் கணக்காக இருந்தால்?

கடைசியில் பையன் வாசித்த வரி இது: "தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டு, படிக்கத்தக்க வடிவிலான கோப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது." ஏற்றுக்கொண்ட செய்தியைத்தான் அவரால் படிக்க முடியவில்லை! வீட்டுக்கு ஓடுகிறார். இணைப்பு இருக்கிறது, வேர்டு கோப்பு. திறக்கிறார், குரலும் வருகிறது. என்ன குரல்? "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்."

சிரிக்கிறீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். பாடத்திட்டத்தின் முதல் தலைப்பு "தமிழ்". அதைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்கள். பாமினியில் 'த' என்பதற்கு ஆங்கில ஜே விசை, 'ம' என்பதற்குக் கே, இகரக் கொக்கிக்குப் பி, 'ழ' என்பதற்கு ஓ, மேற்புள்ளிக்குச் செமிகோலன். திரையில் தமிழாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. "அம்மா" என்று அடித்தால் உள்ளே "எம், கே, செமிகோலன், கே, எச்". அந்த எழுத்தரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் மூலக் கோப்பைத் தேடிப் பிடித்து அனுப்பிய நல்ல மனிதர். ஆனால் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

கோப்புக்குள்ளும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே அதைத் தமிழுக்கான தரமாக அறிவித்துவிட்டது. பழைய எழுத்துருக்கள் இன்னும் போகவில்லை, கைப்பழக்கம்தான் காரணம். பழைய விசைப்பலகையில் பழகியவர் அதே விசைகளை வைத்துக்கொண்டே யூனிகோடில் அடிக்க மென்பொருள்கள் உண்டு. புதிதாகத் தட்டச்சுப் படிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அடித்து வைத்த கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றி தமிழாக்கி வைத்துவிடும், அங்கேதான் பெரும்பாலும் சறுக்கல்.

உங்கள் கோப்பு எந்த ரகம் என்று அறிய ஒரு சுலபமான சோதனை. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது வெறும் படம்.

யூனிகோடிலும் ஒரு வம்பு இருக்கிறது. "கௌரவம்" என்று அடிக்க வேண்டிய இடத்தில் கெ, ள என்று தனித்தனியாக அடித்து "கெளரவம்" ஆக்குவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. குரல் மட்டும் கெ-ள-ர-வ-ம் என்று நம் கௌரவத்தை வாங்கிவிடும். துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் போடுவதும் இதே கதைதான்.

அடுத்தது தலைப்புகள். எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. வேர்டில் ஸ்டைல்ஸ் பகுதியில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று இருப்பதைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் என்விடிஏவில் ஒரே விசையில் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். கொடுக்காவிட்டால் 80 பக்க அறிக்கையை முதல் வரியிலிருந்து கேட்டுத்தான் தேட வேண்டும். அட்டவணையை ஸ்பேஸ் தட்டி வரைய வேண்டாம், கட்டங்களை இணைக்கவும் வேண்டாம். படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை எழுதுங்கள், "படம் 1" என்று எழுதாதீர்கள். பிடிஎஃப் ஆக்கும்போது பிரிண்ட் வழியாகப் போகாமல் சேவ் ஆஸ் வழியாகப் போங்கள். பிரிண்ட் வழியாகப் போனால் நீங்கள் கொடுத்த தலைப்பு அடையாளமெல்லாம் உதிர்ந்துவிடும்.

"கையொப்பமும் முத்திரையும் வேண்டுமே, அதனால்தான் ஸ்கேன்" என்பார்கள். மின் கையொப்பம் இருக்கிறது. அது இல்லாத அலுவலகம், ஸ்கேன் பிரதியோடு மூலக் கோப்பையும் பக்கத்திலேயே ஏற்றினால் முடிந்தது. "புத்தகத்தை மாற்றினால் பதிப்புரிமைச் சிக்கல்" என்பது இன்னொரு சாக்கு. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவுக்கு நூலை லாப நோக்கின்றி மாற்ற அனுமதிக்கிறது. இதையே உலக அளவில் செய்யும் 2013ஆம் ஆண்டு மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடே இந்தியாதான்.

வங்கி மேலாளர் ஐயா இருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணக்குத் தொடங்கும் செயலி "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கேட்டால் நம் தோழர் என்ன செய்வார்? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில்தான் தீர்ப்புச் சொன்னது. இணைய வழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஐயா தலையசைக்கிறார், நன்றி.

சரி, கேட்டும் தராவிட்டால்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நமக்கு வழி 23ஆம் பிரிவு. ஒவ்வொரு அரசு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். புகார் பதிவான நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதில் நிறைவில்லையென்றால் மாவட்ட அளவிலான குழு. அதற்கு மேல் மாநில ஆணையர் இருக்கிறார், சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்க உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை.

நம் புகார்கள் எங்கே தோற்கின்றன என்றால், "பார்வையற்றோருக்குக் கருணை காட்டுங்கள்" என்று எழுதும் இடத்தில். கருணைக்குக் கெடு கிடையாது. எந்தத் தளம், எந்தக் கோப்பு, எந்த நாளில் திறந்தீர்கள், திரைவாசிப்பான் என்ன சொன்னது, எந்த வடிவில் வேண்டும், எந்தப் பிரிவு, இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். பதிவு எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். இரண்டு வாரக் கணக்கு பதிவிலிருந்துதான் ஓடும், வாய்மொழிப் புகாருக்கு நாள் ஓடாது.

பார்வையுள்ள நண்பர்களுக்கும் வேலை வைத்திருக்கிறேன். ஒரு 200 பக்கப் பாடநூலை இருபது பேர் ஆளுக்குப் பத்துப் பக்கமாகப் பிரித்தால் ஒரு வாரத்தில் முடிக்கலாம். ஸ்கேன் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, தாள் நேராக, முதுகுப் பக்கம் நிழல் விழாமல். ஓசிஆர் போட்டபின் ஒருவர் திருத்த வேண்டும், இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும், கண் தவறவிட்டது காதில் இடறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் பழைய ணை, லை, னை வடிவங்களில் ஓசிஆர் திணறும். அந்த நூல்களைக் கையால் அடிப்பதே மேல்.

வேலைவாய்ப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச நினைத்தேன், சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்வெழுதும் வசதி பற்றியும் பேச நினைத்தேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார், அதுவும் நல்ல விவரிப்புதான்.

ஆகவே தீர்மானத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தின் எந்த அரசு அலுவலகமும் இனிப் படமாக மட்டும் ஆணை வெளியிடக் கூடாது, யூனிகோடு மூலக் கோப்பையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். மனு தயாராக இருக்கிறது. பிரெயிலில் ஒன்று, 18 புள்ளிப் பெரிய எழுத்தில் ஒன்று, கைபேசிக்கு அனுப்பும் யூனிகோடு கோப்பு ஒன்று, குரல்பதிவு ஒன்று. மேடைக்கு இடப்புறம் உள்ள மேசையில் தங்கைகள் இருவர் இருக்கிறார்கள், கையெழுத்திடும் இடத்தை விரலால் தடவி அறிய உதவும் கையொப்பச் சட்டமும் வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நல அலுவலர் ஐயா இன்றே பெற்றுக்கொண்டு பதிவு எண் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த எண்ணை ஒலிபெருக்கியில் அறிவிப்போம், குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.