டெஸ்ட் டியூபில் ஒரு ராணி

நேயர்களுக்கு வணக்கம். இங்கே லண்டனில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை ஓய்ந்து புழுக்கமாக இருக்கும் நாளில், நடைபாதையெங்கும் இறக்கை முளைத்த எறும்புகள் ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் ஈசல் கிளம்புமே, அதே மாதிரி. ஆனால் இது கறையான் இனமில்லை. தோட்டத்துக் கறுப்பு எறும்பு, லேசியஸ் நைகர். எறும்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இதில் தொடங்குவதுதான் நல்லது.

புற்றைத் தோண்டாதீர்கள். ராணி கிடைக்க மாட்டாள், புற்றுதான் பாழாகும். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் தனியாக ஓடும் பெரிய எறும்பைத் தேடுங்கள். வேலைக்கார எறும்பைவிட இரண்டு மடங்கு நீளம் இருப்பாள், முதுகு திரண்டிருக்கும்.

அவள் வீட்டுக்கு ஒரு டெஸ்ட் டியூப் போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அதைத் தொடும்படி பஞ்சை அடைத்து, ராணியை உள்ளே விட்டு, குழாயின் வாயையும் பஞ்சால் மூடி, இருட்டான அலமாரியில் வைத்துவிடுங்கள். சாப்பாடு வேண்டாம். இனிப் பறக்கத் தேவைப்படாத இறக்கைத் தசைகளையும் உடற்கொழுப்பையும் கரைத்தே முதல் பிள்ளைகளை வளர்த்துவிடுவாள்.

முதல் வருடம் எனக்கு மனசு கேட்கவில்லை. தினமும் எடுத்துப் பார்த்தேன், டார்ச் அடித்தேன், தேன்துளி வைத்தேன். ஒரே வாரத்தில் முட்டைகளையெல்லாம் அவளே தின்றுவிட்டாள். மிரண்ட ராணி அப்படிச் செய்வதுண்டு. அந்த வெறும் குழாயை இன்னும் மறக்க முடியவில்லை. அடுத்த ராணியை வாரம் ஒருமுறைக்கு மேல் தொடவே இல்லை.

6 முதல் 8 வாரத்தில், பழுப்புக் கூட்டிலிருந்து முதல் எறும்பு வரும். பொடிசு, வெளிறிய நிறம். நாலைந்து வந்ததும் ஊசிமுனையளவு சர்க்கரைத் தண்ணீர் வையுங்கள். ஒன்று குடிக்கும், வயிறு கண்ணாடிபோல் உப்பும். அப்புறம் நேரே ராணியிடம் போய், வாயோடு வாய் வைத்து ஊட்டும். ஒன்றரை மாதப் பட்டினிக்குப் பிறகு அவளுக்குக் கிடைக்கும் முதல் வாய்ச் சோறு அது. ஒருமுறை பார்த்துவிட்டால் விட மனசு வராது.

முட்டையிலிருந்து வரும் புழுக்கள் வளர வாரம் இரண்டொரு பழ ஈ போதும். 20, 30 எறும்புகள் சேரும்வரை குழாயை மாற்றவே வேண்டாம்.

நவம்பர் வந்தால் தூக்கம். 5 முதல் 8 டிகிரிக் குளிரில், பிரிட்ஜின் காய்கறித் தட்டில், பிப்ரவரி கடைசிவரை வையுங்கள். பஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர் பராமரிப்பில் இந்த இனத்து ராணி ஒருத்தி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. அதையும் யோசித்துவிட்டு ஜூலையில் தேடப் போங்கள்.