பொழுது சாயுமுன் சேர வேண்டிய பூ

அவையோருக்கு வணக்கம். யூதர் வீட்டுப் பண்டிகை விருந்துக்கு அழைக்கப்பட்டவர் என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டால், பூங்கொத்து என்றே தயங்காமல் சொல்வேன். தின்பண்டமோ திராட்சை மதுவோ கொண்டுபோனால், அது கோஷர் எனப்படும் யூத உணவு விதிக்கு ஒத்ததா, எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை நாட்களில் புளித்த மாவு கலவாததா என்று வீட்டார் பார்க்க வேண்டியிருக்கும். பூவுக்கு அந்தச் சோதனை இல்லை. ஆனால் அது வந்து சேரும் வேளையில் கண்டிப்பு உண்டு.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதோடு, வேலைகளை விலக்கி வைக்கும் யூதரின் வாராந்தர ஓய்வுநாள் தொடங்குகிறது. அதன்பின் காம்பை நறுக்குவதற்கும், குவளையில் தண்ணீர் நிரப்பிப் பூவை அடுக்குவதற்கும் மரபு வழுவாத வீடுகளில் இடமில்லை. ஓய்வுநாளை வரவேற்க விளக்கேற்றிய பிறகு ஒருவர் பூங்கொத்தை நீட்டினால், அன்போடு வந்ததை ஒதுக்கவும் முடியாமல் தண்ணீரில் வைக்கவும் முடியாமல் வீட்டம்மா தவித்துப்போவார். ஆகவே மதியத்துக்குள், கூடுமானால் குவளையோடு, அனுப்பிவிடுவதே முறை.

இந்த நுணுக்கம் மிகப் பழையது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில், கூடாரப் பண்டிகையில் கையில் ஏந்தும் பேரீச்சங்குருத்து வாடாதிருக்க யூத மறை அறிஞரான ரபி யெஹூதா வழி சொல்கிறார்: ஓய்வுநாளில் அதை இருந்த தண்ணீரிலேயே திரும்ப வைக்கலாம், பண்டிகை நாளில் தண்ணீர் சேர்க்கலாம், பண்டிகையின் இடைநாட்களில் தண்ணீரையே மாற்றலாம். ஒரு குருத்தின் தாகத்தை இவ்வளவு அக்கறையோடு எண்ணிப் பார்த்திருக்கிறார்களே என்று படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

எந்தப் பூ என்பது பண்டிகையைப் பொறுத்தது. சீனாய் மலையில் திருச்சட்டம் பெற்றதை நினைவுகூரும் ஷாவுவோத் பண்டிகைக்குப் பசுந்தழையும் பூவுமாக வீட்டையும் தொழுகைக்கூடத்தையும் நிறைப்பார்கள். மலைக்கு எதிரே ஆடுமாடுகள் மேயக் கூடாது என்று வேதம் சொல்வதால், அங்கே அன்று புல் தழைத்திருந்தது என்பது அவர்கள் கொள்ளும் பொருள். பஸ்கா மேசையிலோ தட்டுகளும் கிண்ணங்களும் நெருங்கியிருப்பதால், எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காத சிறு கொத்தே போதும். மணமுள்ள பூவாயின் இன்னும் சிறப்பு. நறுமணத்தை நுகருமுன் இறைவனைப் போற்றிச் சொல்லத் தனி வாழ்த்துரைகளே அவர்களிடம் உண்டு.

அந்த மணத்தைப் பற்றி, மிஷ்னாவை விளக்கி விவாதிக்கும் பெருநூலான தல்மூத்தில் ஒரு காட்சி வருகிறது. ரோமர் ஆட்சிக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் குகையில் மறைந்திருந்த ரபி ஷிமோன் பர் யோஹாயும் அவர் மகனும், உலகத்தார் மீது தீராத சினத்தோடு வெளியே வருகிறார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம். ஒரு கிழவர் மணமுள்ள மிருதுச்செடிக் கொத்துகள் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். எதற்கு என்று கேட்கிறார்கள். ஓய்வுநாளைச் சிறப்பிக்க என்கிறார். ஒன்று போதாதா என்று கேட்க, ஓய்வுநாளை ‘நினைப்பாயாக’ என்ற கட்டளைக்கு ஒன்று, ‘ஆசரிப்பாயாக’ என்ற கட்டளைக்கு ஒன்று என்கிறார் கிழவர். கட்டளைகள் இம்மக்களுக்கு எவ்வளவு அருமையானவை, பார் என்று தந்தை மகனிடம் சொன்னார். இருவர் மனமும் ஆறியது.