மறியலில் இருக்கும் பெண்கள் யார்?

(ஸ்காபரோவில் நடந்த மாதாந்தக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். தலைவர் என் தலைப்பை வாசித்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். "சமூகக் காவலில் உள்ள பெண் கைதிகளின் குடித்தொகை இயல்புகள்" என்று கேட்டால் யாருக்குத்தான் வாசல் பக்கம் பார்வை போகாது? நம்மூர்ச் சொல்லில் சொல்லிவிடுகிறேன், மறியல் என்றால் சிறை. மறியலில் இருக்கும் பெண்கள் யார்? அவர்களில் யாரை நம்பி மதிலுக்கு வெளியே வைக்கிறார்கள், யாரை வைப்பதில்லை? இவ்வளவுதான் விஷயம். பேசப் போவது நாம் வரி கட்டி வாழும் கனடாவைப் பற்றி.

இங்கே இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால் மத்திய அரசின் சிறை. அதில் ஒரு நாள் குறைந்தாலும் மாகாணச் சிறை. மத்திய சிறைகளில் இருக்கும் பெண்கள் சில நூறு பேர்தான். ஆண்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. ஆனால் அந்தச் சில நூறு பேர் யார் என்று பார்த்தால் கண்ணைக் கட்டுகிறது. 2022ஆம் ஆண்டளவில் அவர்களில் பாதிப் பேர் பூர்வகுடிப் பெண்கள். நாட்டின் மொத்தச் சனத்தொகையில் பூர்வகுடி மக்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர். வெளியே இருபதில் ஒருத்தி, உள்ளே இரண்டில் ஒருத்தி. இன்றைய பேச்சில் நீங்கள் ஒரேயொரு கணக்கைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

மற்ற விவரங்கள் அரசு அமைத்த பணிக்குழு ஒன்று 1990இல் கொடுத்த அறிக்கையில் இருக்கின்றன. அந்தக் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. பூர்வகுடிப் பெண்களிடம் பேசுவதற்குச் சிறையில் இருந்து மீண்ட இரண்டு பூர்வகுடிப் பெண்களையே அனுப்பியது. அவர்கள் 39 பேரிடம் பேசினார்கள். கையில் படிவத்தோடு அதிகாரி வந்து உட்கார்ந்தால் வாயே திறக்காத பெண்கள், தங்களைப்போல் உள்ளே இருந்தவளிடம் பேசினார்கள். குழு திரட்டிய தகவல்களின்படி, சிறையிலிருந்த பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தாய்மார். பூர்வகுடிப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அடி உதை பட்டவர்கள். நூற்றுக்கு 61 பேர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள்.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் வதிவிடப் பாடசாலைகளில் அடைத்த கதை. கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். அந்தப் பாடசாலைகளில் வளர்ந்தவர்களின் மகள்களும் பேத்திகளும்தான் இன்று சிறையில் இருக்கிறார்கள். சிலர் வளர்ப்பு வீடுகளில் வளர்ந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளும் இப்போது வளர்ப்பு வீடுகளில்.

இனி இடத்துக்கு வருகிறேன். 1934இல் இருந்து மத்திய அரசுக்குப் பெண்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு சிறை, ஒன்ராறியோவின் கிங்ஸ்டன் நகரில். வன்கூவரில் தண்டனை பெற்றவளும் அங்கேதான் வரவேண்டும். நான்காயிரம் கிலோமீற்றருக்கு மேல். பிள்ளை எப்படி வந்து பார்க்கும்? 1994இல் அந்தச் சிறையில் ஆண் காவலர் குழு ஒன்று பெண்களின் ஆடைகளைக் களைந்து சோதனையிட்டது. அதன் ஒளிப்பதிவு தொலைக்காட்சியில் வெளிவந்தது. நீதிபதி லூயிஸ் ஆர்பர் விசாரித்து 1996இல் அறிக்கை கொடுத்தார். 2000இல் சிறை மூடப்பட்டது. அந்தக் கதையை இன்னொரு நாள் முழுதாகச் சொல்லவேண்டும்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பதிலாக எழுந்த ஓர் இடத்தைப் பற்றி. சஸ்காச்சுவான் மாகாணத்தில் மேப்பிள் கிரீக் என்ற சிறிய ஊர். பக்கத்தில் நெக்கனீட் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். பெண்களுக்கான குணமாக்கும் இல்லம் கட்டப்போகிறார்கள் என்றதும் அந்த ஊரும் அந்த மக்களும் சேர்ந்து, எங்களிடம் தாருங்கள் என்று கேட்டார்கள். சிறையைக் கேட்டு வாங்கிய ஊர்! 1995இல் அது திறக்கப்பட்டது. பெயர் ஒக்கிமாவ் ஓசி. கிரீ மொழியில் இடிமலை என்று பொருள். சுற்று மதில் கிடையாது. பெண்கள் சிறு வீடுகளில் இருக்கிறார்கள், தாங்களே சமைக்கிறார்கள். சிறு பிள்ளையைக் கூட வைத்திருக்க வழி உண்டு. மூத்தோர் வந்து சடங்கு நடத்துகிறார்கள். நிர்வாகத் தலைவிக்குக் கிகாவினாவ் என்று பதவிப்பெயர். அப்படியென்றால் எங்கள் அம்மா.

பெயரை மாற்றிவிட்டால் மறியல் வீடாகிவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஒக்கிமாவ் ஓசியை நடத்துவது இன்றும் மத்திய சிறைத் திணைக்களம்தான். ஆனால் மத்திய சிறைகளுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் 81ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கைதியைப் பூர்வகுடிச் சமூகத்தின் பொறுப்பிலேயே ஒப்படைக்கலாம் என்கிறது அது. கைதியும் சம்மதிக்கவேண்டும், சமூகமும் சம்மதிக்கவேண்டும். சமூகக் காவல் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் அங்கேதான். எட்மன்டனில் 2011இலும் வினிபெக்கில் 2019இலும் பெண்களுக்கு அப்படிப்பட்ட இல்லங்கள் திறந்தன. ஒவ்வொன்றிலும் முப்பது பேர் அளவில் இருக்கலாம்.

அப்படியானால் இந்த இல்லங்களுக்குப் போகிறவள் யார்? பெரும்பாலும் குறைந்த பாதுகாப்பு வகுப்பில் வைக்கப்பட்டவள். சில வேளை நடுத்தர வகுப்பில் உள்ளவள். உயர் பாதுகாப்பு வகுப்பு என்று முத்திரை விழுந்தவளுக்குக் கதவு திறக்காது. அந்த வகுப்பைத் தீர்மானிக்க ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். புள்ளி போடும் படிவம். உருவாக்கியது 1980களின் பிற்பகுதியில், ஆண் கைதிகளை வைத்து.

வாருங்கள், ஒரு பெண்ணை வைத்து அதை நிரப்பிப் பார்ப்போம். கற்பனைப் பெண்தான், பெயர் வேண்டாம். வயது 22. தண்டனை பெறும்போது வயது என்ன என்று ஒரு கேள்வி. வயது குறையக் குறையப் புள்ளி கூடும். பூர்வகுடிப் பெண்கள் மற்றவர்களைவிட இளவயதிலேயே உள்ளே வருகிறார்கள், ஆகவே புள்ளி. மது, போதைப் பழக்கம் உண்டா? உண்டு. புள்ளி. வெளியே இருந்தபோது வாழ்க்கை நிலையாக இருந்ததா? வேலை, படிப்பு, இருப்பிடம் எல்லாம் சேர்த்துப் பார்க்கும் கேள்வி இது. பதினைந்து வயதில் வளர்ப்பு வீட்டை விட்டு ஓடியவளிடம் நிலையான முகவரி எங்கே? மறுபடி புள்ளி. முன்பு தண்டனை உண்டா? சின்னச் சின்னதாய்ச் சில. இதற்கும் புள்ளி.

கூட்டிப் பாருங்கள். சற்று முன் நான் குடித்தொகை விவரம் என்று சொன்னவற்றில் பாதி இந்தப் படிவத்தில் ஆபத்து என்று பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இளமை, வறுமை, வீடின்மை, காயத்தை மறக்கக் குடித்த குடி. எவளை நினைத்து அந்த இல்லத்தைக் கட்டினார்களோ, அவளுடைய வாழ்க்கை விவரமே அவளை வாசலில் நிறுத்துகிறது. கலியாணத்துக்கு ஆளை அழைத்துவிட்டு, நீ போட்டிருக்கும் உடுப்புச் சரியில்லை என்று படலையைச் சாத்துவது போலத்தான்.

இது என்னுடைய கண்டுபிடிப்பு என்று நினைக்கவேண்டாம். 2018இல் உச்ச நீதிமன்றம், சிறைத் திணைக்களம் தான் பயன்படுத்தும் வேறு சில ஆபத்து மதிப்பீட்டுக் கருவிகள் பூர்வகுடிக் கைதிகளுக்குப் பொருந்துமா என்று உறுதிசெய்யத் தவறிவிட்டது எனத் தீர்ப்பளித்தது. 2022இல் கணக்காய்வாளர் நாயகமும், பூர்வகுடிப் பெண்கள் மற்றவர்களைவிடக் கூடிய விகிதத்தில் உயர் பாதுகாப்பில் வைக்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார்.

பணமும் ஒரு கதவுதான். 81ஆம் பிரிவின் கீழ் இல்லங்கள் எத்தனை என்று கைதிகளின் முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியின் அலுவலகம் ஆராய்ந்து 2013இல் பாராளுமன்றத்தில் வைத்த அறிக்கை சொல்கிறது: நாடு முழுவதும் 68 படுக்கைகள், ஆண் பெண் எல்லாருக்கும் சேர்த்து. ஒன்ராறியோவில் ஒன்றும் இல்லை. திணைக்களம் தானே நடத்தும் இல்லத்தில் ஒருவருக்குச் செலவிடும் தொகையைவிட, சமூகம் நடத்தும் இல்லத்துக்குக் கொடுத்தது வெகு குறைவு. பிள்ளையை வளர்க்கச் சொல்லி அப்பம்மாவிடம் விட்டுவிட்டு பால்மாக் காசைக் கொடுக்காத மகன்மாரை நாங்கள் கண்டதில்லையா?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 2018இல், ஒரு சிறுமியின் கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்ற பெண் ஒருத்தி ஒக்கிமாவ் ஓசிக்கு மாற்றப்பட்டது வெளியே தெரிந்தபோது நாடே கொந்தளித்தது. சிறுமியின் குடும்பத்தினர் ஒட்டாவாவில் பாராளுமன்ற முன்றிலுக்கு வந்து நின்றார்கள். அவர்களின் கோபத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தப் பெண் வேறு சிறைக்கு மாற்றப்பட்டாள், விதிகள் இறுக்கப்பட்டன. ஆனால் இறுகிய விதி விழுந்தது அவள் ஒருத்தியின் தலையில் மட்டுமா? வாசலில் காத்திருந்த அந்த 22 வயதுப் பெண்ணைப் பற்றி அன்று தொலைக்காட்சியில் யாரும் பேசவில்லை.

நேரம் முடிகிறது என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். ஒரே ஒரு செய்தி. இந்த மண்டபத்துக்கு வர உங்களில் பலர் கிங்ஸ்டன் வீதியில்தான் வந்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் இருந்து கிங்ஸ்டன் நகருக்குப் போன வழி அது, பெயரே அதனால்தான். அதே வீதியில், இதே ஸ்காபரோவில், பூர்வகுடிப் பெண்களுக்காக ஒரு குணமாக்கும் இல்லம் எழுப்ப முயற்சி நடக்கிறது. பெயர் தண்டர் வுமன், இடிப் பெண்.

"அது எங்கட வீட்டுக்குப் பக்கத்திலயா?" என்று பின்னால் இருந்து ஓர் அம்மா கேட்கிறார். ஓம் அம்மா, பக்கத்தில்தான். 12ஆம் இலக்க பஸ் அந்த வீதியால்தான் போகிறது.