காதல் கதை எனில் ராஸ்-ரேச்சல்தானா?

வணக்கம். நியூயார்க்கில் வாழும் ஆறு நண்பர்களைப் பற்றிய அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரான 'ஃப்ரெண்ட்ஸ்' என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ராஸ்-ரேச்சல் காதல்தான். ஆனால் 1994 செப்டம்பர் முதல் 2004 மே வரை பத்து சீசன்களாக, 236 எபிசோடுகளாக நீண்ட அந்தத் தொடரைத் தாங்கி நின்றது அதே நண்பர் குழுவைச் சேர்ந்த சாண்ட்லரும், ராஸின் தங்கை மோனிகாவும்தான் என்பதே என் கட்சி.

ராஸும் ரேச்சலும் சேர்ந்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்பதால், அவர்கள் நெருங்கும்போதெல்லாம் ஒரு தடையைக் கொண்டுவந்து போட வேண்டிய கட்டாயம் எழுத்தாளர்களுக்கு இருந்தது. முதலில் ராஸின் காதலியாக ஜூலி வந்தாள், பிறகு ரேச்சலின் குறைகளைப் பட்டியலிட்ட அந்தத் தாள் வந்தது, அப்புறம் ராஸ் மணந்துகொண்ட எமிலி, அதற்கும் பிறகு லாஸ் வேகாஸில் ராஸும் ரேச்சலும் குடிபோதையில் செய்துகொண்ட திருமணம். இடையில், 'நாம் அப்போது பிரிந்துதானே இருந்தோம்' என்று ராஸ் ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறான். சொல்லளவில் அவன் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் சண்டை போட்ட அன்றிரவே வேறொரு பெண்ணுடன் உறங்கியவனுக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

சாண்ட்லர்-மோனிகா உறவு தொடங்கிய விதமே வேறு. நான்காவது சீசனின் இறுதியில், ராஸின் திருமணத்துக்காக லண்டன் சென்றிருக்கும் இடத்தில், போதையில் இருந்த விருந்தினர் ஒருவர் மோனிகாவை ராஸின் தாய் என்று நினைத்துவிட, மனம் உடைந்த அவளைச் சாண்ட்லர் தேற்றுகிறான். மறுநாள் காலை போர்வைக்குள்ளிருந்து மோனிகா எட்டிப் பார்த்ததும் படப்பிடிப்பு அரங்கில் அமர்ந்திருந்த பார்வையாளர்கள் போட்ட ஆரவாரம், சில நாள் உறவாக மட்டும் திட்டமிடப்பட்டிருந்த ஒன்றின் ஆயுளை நீட்டிவிட்டது.

ஆனாலும் கைதட்டல் மட்டுமே ஓர் உறவை ஆறு சீசன்கள் காப்பாற்றிவிடாது. சாண்ட்லருக்கு ஒன்பது வயதிருக்கும்போது, நன்றி நவிலல் நாள் விருந்தின் நடுவில்தான் பெற்றோர் தங்கள் விவாகரத்தை அறிவித்தார்கள். அன்றிலிருந்து கிண்டலே அவனுக்குக் கவசம். ஐந்தாவது சீசனில், இருவரும் மறைத்துவைத்திருந்த காதலை அவன் வாயாலேயே வரவழைக்க, தோழி ஃபீபி அவனை மயக்குவதுபோல் நடிக்கும் காட்சியைக் கவனியுங்கள். ஃபீபியும் சாண்ட்லரும் விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை போட்டி போடுவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, கிண்டலுக்கு வழியில்லாமல் போய், மோனிகாவைக் காதலிப்பதாக அவன் சொல்லிவிடுகிறான். சாண்ட்லராக நடித்த மேத்யூ பெர்ரியின் நடிப்பு அந்த ஒரு நொடியில் தொனி மாறுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.



பிற்பாடு, சாண்ட்லர்-மோனிகா தம்பதிக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, தன் குழந்தையைத் தத்துக் கொடுக்க முன்வந்த எரிகாவிடம், மோனிகா ஏற்கெனவே ஒரு தாய்தான், கையில் குழந்தை இல்லாததுதான் குறை என்று சாண்ட்லர் மன்றாடும்போது அதில் துளியும் கிண்டல் இல்லை. அதற்காக அவன் கிண்டலைக் கைவிட்டுவிட்டான் என்றும் நினைக்க வேண்டாம். இறுதி எபிசோடில், காலியான வீட்டை விட்டு ஆறு பேரும் கிளம்பும்போது காபி குடிக்கப் போகலாம் என்று பேச்சு வருகிறது. பத்து ஆண்டுகளாக ஒரே கடையில், ஒரே சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள் அவர்கள். தொடரின் கடைசி வசனத்தைச் சாண்ட்லர்தான் பேசுகிறான்: "எங்கே?"