ஒரு தெராபைற்று ஏன் 931 ஆகத் தெரிகிறது?

வணக்கம் உறவுகளே. கடந்த கிழமை யாழ் நகரில் ஒரு தெராபைற்று வன்தட்டு ஒன்றை வாங்கிவந்து, நகருக்கு அருகே திருநெல்வேலியிலுள்ள என் அறையில் கணினியுடன் இணைத்தபோது, திரை 931 கிகாபைற்று என்றே காட்டியது. மிச்சம் 69 எங்கே என்று கடைக்காரரிடம் தொலைபேசியில் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவரிடமும் பிழையில்லை, தட்டிலும் பிழையில்லை. கணக்குப் பார்க்காமல் வாய்திறந்தவன் நான்தான்.

இதோ, தட்டின் பண்புகளைத் திறக்கிறேன். கொள்ளளவு என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கின்றன. 931 ஐ விட்டுவிட்டு, அதற்கு முன்னாலுள்ள பைற்றுக் கணக்கைப் பாருங்கள்: பதின்மூன்று இலக்கங்கள், அதாவது ஓரிலட்சம் கோடிக்குச் சற்று மேல். பெட்டியில் அச்சிட்ட அளவு முழுதாகவே இருக்கிறது. தட்டைச் செய்பவர்கள் ஆயிரமாயிரமாகப் பெருக்கி ஒரு தெராபைற்று என்கிறார்கள். விண்டோஸோ அதே தொகையை 1024 ஆல் மூன்று தடவை வகுத்து, வரும் 931 க்கும் கிகாபைற்று என்றே பெயரிடுகிறது.

ஒரே பெயரில் இரண்டு அளவு என்பது நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளில் பரப்பு என்ற நில அளவும் அப்படித்தான்: வரகுப் பரப்பு என்றால் 18 குழி, நெற்பரப்பு என்றால் 12 குழி. ஆகவே ஓர் ஏக்கருக்கு முன்னது 16 பரப்பு, பின்னது 24 பரப்பு. எந்தப் பரப்பு என்று கேளாமல் விலைபேசியவரின் நிலைதான் என் நிலையும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவென்று சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1998 இல் 1024 கணக்குக்குத் தனிப்பெயர்கள் வகுத்தது. ஆனால் கிலோபைற்றுக்கு ஈடான kibibyte ஐயும் கிகாபைற்றுக்கு ஈடான gibibyte ஐயும் தமிழில் எழுதினால் இரண்டுமே கிபிபைற்று ஆகிவிடுவதால், நமக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை. ஆப்பிள் கணினிகள் 2009 முதல் ஆயிரத்தாலேயே வகுப்பதால், இதே தட்டு அங்கே முழுத் தெராபைற்றாகத் தெரியும்.

விண்டோஸில் என்ன காட்டும் என்று முன்கூட்டியே அறிய, பெட்டியிலுள்ள கிகாபைற்றை 0.931 ஆல் பெருக்குங்கள். 16 கிகாபைற்றுப் பென்ட்ரைவ் 14.9 ஆகும், 64 என்பது 59.6 ஆகும். ஒரே பெயருக்குரிய இரண்டு அளவுகளுக்கிடையே கிலோபைற்றில் 2.4 வீதமாக இருக்கும் இடைவெளி, தெராபைற்றில் ஏறக்குறைய 10 வீதமாக வளர்ந்துவிடுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் மட்டும் பாடப்புத்தகத்திலுள்ளபடி 1024 ஐயே வைத்துச் செய்யுங்கள்; அங்கே என் கதையைச் சொன்னால் புள்ளி கிடைக்காது.

கமராவுக்கு வந்தால் மறுபடியும் ஆயிரம். நான் ஒளிப்பதிவு செய்வது செக்கனுக்கு 50 மெகாபிற்று வேகத்தில். எட்டுப் பிற்று ஒரு பைற்று என்பதால் செக்கனுக்கு 6.25 மெகாபைற்று, மணிக்கு 22.5 கிகாபைற்று. நல்லூர்த் தேருக்கு 128 கிகாபைற்று மெமரி காட் ஒன்றைக் கொண்டுபோனால் ஐந்தரை மணித்தியாலம் தாராளமாக ஓடும். பிற்றையும் பைற்றையும் மாற்றிப் பிடித்துவிட்டால் இந்த விடை எட்டு மடங்கு பிழைத்துவிடும். 1024 ஆல் வரும் பிழை அதன்முன் ஒன்றுமேயில்லை. செக்கனுக்கு 100 மெகாபிற்று இணைப்பில் அந்த ஒரு மணிநேரக் காட்சியை அனுப்ப, வேகம் குறையாவிட்டாலும் அரை மணிநேரம் பிடிக்கும்.