அந்தக் கடற்கரைப் பாட்டுகளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நேரம் இவ்வளவு ஆன பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் அமெரிக்காவில் பதின்வயதுப் பிள்ளைகளுக்காகவே எடுத்த கடற்கரைப் படங்கள் இருக்கின்றனவே, 1963-ல் வந்த 'பீச் பார்ட்டி' சூடுபிடிக்க, அடுத்த மூன்று நான்கு வருஷம் வரிசைகட்டி வந்தவை, அந்தப் படங்களின் பாட்டு நின்ற இசையா, விற்ற சரக்கா என்பதுதான் கேள்வி. நின்ற இசைதான் என்று பேச வந்திருக்கிறேன். எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தாலும் இந்தப் பக்கத்தைத்தான் கேட்டு வாங்கியிருப்பேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி நன்றாகவே பேசினார். அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்று ஒரு கம்பெனி, நிக்கல்சன், ஆர்காஃப் என்று இரண்டு முதலாளிகள், குறைந்த செலவில் சில வாரங்களில் படத்தை முடித்து, காரில் உட்கார்ந்தபடியே பார்க்கிற டிரைவ்-இன் தியேட்டர்களுக்கு அனுப்பினவர்கள், கதை எழுதுவதற்கு முன்னாலேயே தலைப்பையும் போஸ்டரையும் தயார் செய்கிற வழக்கம் உள்ளவர்கள், இப்படி எடுத்த படத்தில் பாட்டு மட்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று கேட்டார். அவர் சொன்ன தகவல் அத்தனையும் சரி. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் சரியில்லை. பெரிய ஸ்டுடியோ என்றால் இசைக்கென்று ஒரு துறை இருக்கும், அனுபவஸ்தர்கள் இருப்பார்கள், பிள்ளைகளுக்கு எது ஏற்றது என்று அவர்களே முடிவு செய்து, பாலிஷ் போட்டு, பல்லைப் பிடுங்கித்தான் வெளியே விடுவார்கள். இந்தக் கம்பெனிக்கு அதற்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. பிள்ளைகள் இப்போது யாரைக் கேட்கிறார்கள், அவரையே கூட்டி வா, மேடையில் ஏற்று, கேமராவை ஓட்டு, அவ்வளவுதான். கஞ்சத்தனத்தால்தான் அந்தக் கதவு திறந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்தது யார் என்று பார்க்க வேண்டாமா?

முதலில் வந்தவர் கிதார்காரர் டிக் டேல். 'பீச் பார்ட்டி'யிலும், அடுத்து 1964-ல் வந்த 'மசில் பீச் பார்ட்டி'யிலும் தன் டெல்-டோன்ஸ் குழுவோடு வாசிக்கிறார். அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் யாருமே இந்தப் படங்களை மதிக்கவில்லை என்று எதிரணி சொன்னது. சரி, டிக் டேல் தானே அலைச்சறுக்கு ஆடுகிறவர், பகலில் கடலில் இருந்துவிட்டு இரவில் கலிபோர்னியாவின் பல்போவாவில் ரான்டேவூ என்ற நடனக்கூடத்தில் அதே பிள்ளைகளுக்கு வாசித்தவர். அப்பா வழி லெபனான். மாமா வாசித்த 'ஊத்' என்ற அரபுத் தந்தி வாத்தியத்தைக் கேட்டு வளர்ந்தவர். இடது கைக்காரர், ஆனால் தந்திகளின் வரிசையை மாற்றிக் கட்டிக்கொள்ளாமல் அப்படியே வாசிப்பார், அதனால் தடித்த தந்தி கீழே, மெல்லிய தந்தி மேலே. 1962-ல் அவர் பதிவு செய்த 'மிசர்லூ'வைக் கேளுங்கள்: கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய மெட்டு அது, அதை ஒரே தந்தியில் மேலும் கீழுமாக மூச்சுவிடாமல் கொத்திக்கொண்டே போவார். அந்த அடியையும் சத்தத்தையும் அன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் தாங்கவில்லை. கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் செய்கிற லியோ ஃபெண்டர் கொடுத்துக்கொண்டே இருந்தார், இவர் எரித்துக்கொண்டே இருந்தார், கடைசியில் 100 வாட் ஆம்ப்ளிஃபயரும் அதற்கேற்ற 15 அங்குல ஸ்பீக்கரும் செய்ய வேண்டியதாயிற்று. பின்னால் உலகம் முழுக்க மேடை அதிர வாசித்த ராக் கிதார்காரர்கள் எல்லோரும் அனுபவித்த வசதி அது. இந்த மனிதரைத்தான் அந்த மலிவுப் படக்காரர்கள் கூட்டி வந்து நிறுத்தினார்கள்.

அடுத்து இந்தப் படங்களின் கதாநாயகி ஆனெட் ஃபூனிசெல்லோ. இவரைப் பற்றி எதிரணி பேசிய விதம் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "பாடவே தெரியாது, மெஷின்தான் பாடியது" என்றார்கள். டிஸ்னி தொலைக்காட்சியின் 'மிக்கி மவுஸ் கிளப்'பில் சின்னப் பெண்ணாக வந்து நாடு முழுக்கத் தெரிந்தவர், குரல் சின்னது, அது உண்மை. ஆனால் டுட்டி கமராட்டா என்ற இசையமைப்பாளர் அந்தச் சின்னக் குரலை வைத்து என்ன செய்தார் தெரியுமா? முதலில் பாட்டு முழுவதையும் ஒருமுறை பாட வைப்பார். அப்புறம் அந்தப் பதிவையே காதில் கேட்டுக்கொண்டு அதே பாட்டை அவர் மறுபடி பாட வேண்டும். இரண்டு குரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கொஞ்சம் எதிரொலி சேர்ப்பார்கள். யாராலும் ஒரே வரியை இரண்டு தடவை அச்சு அசலாக ஒரே மாதிரி பாட முடியாது. ஒரு எழுத்து சற்று முன்னால் விழும், ஒரு இழுப்பு சற்றுப் பின்னால் முடியும், அந்த மயிரிழை வித்தியாசத்தில்தான் குரலுக்குச் சதை பிடிக்கிறது. இதை மெஷின் செய்யவில்லை. ஒரு பெண் தன் குரலையே துணைக்கு வைத்துக்கொண்டு, மூச்சு எடுக்கிற இடம்கூடப் பிசகாமல், திரும்பப் பாடியது. இன்னொன்றும் சொல்கிறேன். எதிரணி பீட்டில்ஸைத் தலையில் தூக்கிவைத்துப் பேசினார்கள், எனக்கும் பீட்டில்ஸ் பிடிக்கும். அவர்களும் இதே வேலையைத்தான் பாட்டுக்குப் பாட்டு செய்துகொண்டிருந்தார்கள். இப்படித் திரும்பத் திரும்பப் பாட ஜான் லெனனுக்குச் சலித்துப்போய்த்தான் 1966-ல் அபே ரோடு ஸ்டுடியோவில் அதை டேப் கருவியை வைத்தே செய்துவிட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே செய்தால் கலை, மாலிபு கடற்கரை மணலில் நிற்கிற பெண்ணுக்குச் செய்தால் ஏமாற்று வேலையா?

இப்போது எதிரணியின் கனமான வாதத்துக்கு வருகிறேன். இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அந்தக் கடற்கரை வெள்ளைக்காரக் கடற்கரை என்றார்கள். ஆமாம். மணலில் ஆடுகிற கூட்டம், காதலிக்கிற ஜோடிகள் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள்தான், கறுப்பினக் கலைஞர் வந்தால் பாடிவிட்டுப் போய்விட வேண்டும், கதையில் அவருக்கு வேலை இல்லை. அது அந்தப் படங்களின் குற்றம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் நாம் பேசுவது பாட்டைப் பற்றி. 1964 மார்ச்சில் 'மசில் பீச் பார்ட்டி' வருகிறது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களைச் சட்டப்படியே தனியாகப் பிரித்து வைத்திருந்த நாட்கள் அவை, அந்தப் பிரிவினையைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தாவதற்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. அந்தப் படத்தில் கண் தெரியாத ஒரு 13 வயதுக் கறுப்பினப் பையன் முகமெல்லாம் சிரிப்பாகப் பாடுகிறான். லிட்டில் ஸ்டீவி வொண்டர். அவனுக்கு அதுதான் முதல் படம். அதே வருஷம் 'பிகினி பீச்' படத்திலும் வருகிறான். 1965-ல் பாரமவுன்ட் வெளியிட்ட 'பீச் பால்' படத்தில் சுப்ரீம்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு பாடுகிறது. சேர்ந்து உட்கார விடாத ஊரின் பிள்ளைகளுக்கும் அந்தத் திரை வழியாக இந்தக் குரல்கள் போய்ச் சேர்ந்தன.

அந்த 1965-லேயே, மணலுக்குப் பதில் பனியை வைத்து அதே கம்பெனி, கடற்கரைப் படங்களின் அதே கதாநாயகன் ஃபிராங்கி ஆவலானோடு எடுத்தது 'ஸ்கி பார்ட்டி'. இந்தப் படத்தின் ஒரு காட்சிக்காக மட்டுமே நான் இந்த மேடைக்கு வந்திருப்பேன். பனிச்சறுக்கு மீட்புக்குழு ஆட்களாக கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனும் அவருடைய ஃபேமஸ் ஃப்ளேம்ஸ் குழுவும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விடுதிக்குள் வருகிறார்கள். கதைக்கு அவர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பாட்டு தொடங்குகிறது, 'ஐ காட் யூ'. மேலே உடம்பு ஒரு பேச்சுப் பேசுகிறது, கீழே கால் வேறு பேச்சுப் பேசுகிறது. பாதம் தரையில் பதியவே இல்லையோ என்று தோன்றுகிற மாதிரி வழுக்கிக்கொண்டே போகிறார், தாளம் மட்டும் இம்மி பிசகவில்லை. சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அப்புறம் யார் பார்ப்பார்கள்? ரெக்கார்டு கம்பெனிகளுக்குள் நடந்த வழக்கால் அவர் 1964-ல் பாடிய முதல் பதிவு கடைகளில் ஒழுங்காக விற்க முடியாமல் முடங்கிக் கிடந்தது. படம் 1965 கோடையில் வந்துவிட்டது. புதிதாகப் பாடிய பதிவு அதற்குப் பிறகு, வருஷக் கடைசியில்தான் இசைத்தட்டாக வந்து அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. அதாவது, உலகமே இன்றுவரை பாடிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டைச் சாதாரணப் பிள்ளைகள் பல மாதம் முன்னாலேயே கேட்டது, எதிரணி குப்பை என்று ஒதுக்குகிற ஒரு டிரைவ்-இன் படத்தில். பீட்டில்ஸ் வந்ததும் எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டது என்றார்களே, இது பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு நடந்தது.

அதே படத்தில் லெஸ்லி கோர் என்ற இளம் பாடகி பாடும் 'சன்ஷைன், லாலிபாப்ஸ் அண்ட் ரெயின்போஸ்' ஒன்றே முக்கால் நிமிடம்கூட ஓடாது. தயாரித்தவர் குவின்சி ஜோன்ஸ். மெட்டுப் போட்ட மார்வின் ஹாம்லிஷுக்குப் பாட்டு பதிவானபோது இருபது வயதுகூட ஆகவில்லை, பின்னாளில் 1974-ல் ஒரே இரவில் மூன்று ஆஸ்கர் வாங்கியவர்.

எல்லாமே வெயிலும் குதியாட்டமும்தானா, ஆழம் எங்கே என்று எதிரணியில் ஒரு நண்பர் கேட்டார். 1965-ல் வந்த 'தி கேர்ள்ஸ் ஆன் தி பீச்' படத்தில் பீச் பாய்ஸ் குழுவினர் 'லோன்லி சீ' என்ற பாட்டைப் பாடுகிறார்கள். அந்தக் குழுவின் பிரையன் வில்சனும் கேரி அஷர் என்ற பாடலாசிரியரும் எழுதியது. கடலைப் பார்த்து மகிழ்கிற பாட்டு இல்லை அது. யாருக்காகவும் நிற்காத கடல், கரையில் தனியாக ஒருவன், அவ்வளவுதான் விஷயம், அதையும் அந்த உச்சக் குரலில் கிட்டத்தட்ட முனகலாகப் பாடுகிறார் பிரையன். ஆட வந்த பிள்ளைகளுக்கு நடுவில் இதையும் வைக்கலாம் என்று அந்தப் படத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள்.

பிரையன் பெயர் வந்துவிட்டதால் அங்கேயே நிற்கிறேன். 'மசில் பீச் பார்ட்டி'யின் பாட்டுகளில் பல பிரையன் வில்சன், கேரி அஷர், ரோஜர் கிறிஸ்டியன் மூவரும் சேர்ந்து எழுதியவை. கிறிஸ்டியன் லாஸ் ஏஞ்சலிஸ் ரேடியோவில் பாட்டுப் போடுகிறவர், பிள்ளைகள் எந்தக் காரைப் பற்றிக் கனவு காண்கிறார்கள், எந்தப் பேச்சைப் பேசுகிறார்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர். அதே 1964-ல், அதே பிரையனும் அதே கிறிஸ்டியனும் சேர்ந்து எழுதி, பீச் பாய்ஸ் ரெக்கார்டாக வந்தது 'டோன்ட் வொரி பேபி'. பயந்து போயிருக்கும் ஒரு பையனிடம் ஒரு பெண் சொல்லும் இரண்டு ஆறுதல் வார்த்தையை வைத்து எழுதிய பாட்டு. பாப் இசையின் மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று என்று எதிரணியின் தலைவரே இன்று தன் பேச்சில் இதைப் புகழ்ந்தார், நானும் கைதட்டினேன். இரண்டே வருஷத்தில், 1966-ல், பிரையன் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைக் கொடுக்கிறார், அதையும் அவர் புகழ்ந்தார்.

அதனால் எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், இதற்கு மட்டும் சொல்லட்டும்: ஒரே வருஷம், ஒரே ஊர், அதே ஆட்கள், ரெக்கார்டுக்கு எழுதினால் இசை, பிள்ளைகள் பார்க்கும் படத்துக்கு எழுதினால் சரக்கு என்று நீங்கள் எதை வைத்துப் பிரித்தீர்கள்?